யந்திரக் கண்ணும் மனிதன் ஏடும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், தெருவில் போகிறவனுடைய முகத்தைப் பார்த்து அவன் இன்னான் என்று சொல்லும் யந்திரத்தைப் பற்றியதாகும். வாலிபத் தோழர்கள் சிலர், "இனி ஊர்வலத்திற்குப் போனால் கம்பத்திலிருக்கும் காமிரா நம் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுமாமே, அப்புறம் எப்படி வெளியே வருவது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் விஷயத்தைவிடப் பயந்தான் அதிகமாயிருக்கிறது. சர்க்கார் செலவழித்து வாங்கின யந்திரத்தின் வேலையில் பாதியை இந்தப் பயமே இனாமாகச் செய்துவிடுகிறது. ஆதலால் முதலில் அந்த யந்திரம் இன்னதென்று தெரிந்துகொள்ளுவோம்.

நம் ஜனங்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. ஆகாயத்தில் ஒருவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான், சித்திரகுப்தன் ஏட்டில் கணக்கெழுதுகிறான் என்று சொல்லியே நம்மை வெகுகாலம் அடக்கி வைத்திருந்தார்கள். அந்த ஏடு எங்கே, அதைப் பார்த்தவன் யார் என்று நாம் கேட்டோம். கேட்டவுடன் சித்திரகுப்தன் போன இடம் தெரியவில்லை. இப்போது கம்பத்தின்மேல் இருப்பதோ மெய்யாகவே இருக்கும் கண். இதை இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி பழைய கேள்விதான்: ஏடு எது? எழுதுகிறவன் யார்?

இந்த யந்திரம் செய்வது என்னவென்றால், படத்தில் முகம் எங்கிருக்கிறதென்று முதலில் தேடுகிறது. பிறகு அந்த முகத்தின் அமைப்பைச் சில நூறு எண்களாக மாற்றிக்கொள்ளுகிறது. ஏற்கனவே ஏட்டில் சேர்த்து வைத்திருக்கும் படங்களின் எண்களோடு அவைகளை ஒப்பிட்டு, இன்ன படத்தோடு இவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒரு மார்க்குப் போடுகிறது. அவ்வளவுதான். "இவன்தான் அவன்" என்று யந்திரம் சொல்லுவதே கிடையாது. எத்தனை மார்க்கு வந்தால் ஆளைப் பிடிக்கலாம் என்று முடிவு செய்கிறவன் மனிதன். ஏட்டில் யார் படத்தைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறவனும் மனிதனே.

இதிலும் இரண்டு விதம் உண்டு. உங்கள் டெலிபோன் உங்கள் முகத்தைப் பார்த்துத் திறப்பது ஒருவனை ஒரே படத்தோடு ஒப்பிடும் வேலை. ஊர்வலத்தில் நடப்பது ஒவ்வொருவனையும் லட்சக்கணக்கான படங்களோடு ஒப்பிடும் வேலை. முன்னதில் தப்பு நேர்ந்தால் டெலிபோன் திறக்காது. பின்னதில் தப்பு நேர்ந்தால் லாக்கப் கதவு திறக்கும். பதினாயிரம் பேர் போகிற ஊர்வலத்தில் யந்திரம் நூற்றுக்கு ஒரு தடவைதான் தவறுகிறதென்று வைத்துக்கொண்டாலும், சம்பந்தமில்லாத நூறு பேர் சந்தேகத்திற்கு ஆளாவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று ஒருவன் பெருமை பேசினால், மீதி ஒன்று யாருடைய தலை என்று கேளுங்கள்.

டில்லியில் நடந்ததைப் பாருங்கள். காணாமற்போன குழந்தைகளைக் கண்டுபிடிப்பதற்கென்று அங்குள்ள போலீசார் 2018-ல் இந்த யந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். குழந்தைகளுக்கென்றால் யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் அது நூற்றுக்கு இரண்டுதான் சரியாகச் சொல்லிற்று என்பது டில்லி ஐகோர்ட்டிலேயே வெளியாயிற்று. 2019-ல் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றும் சொல்லப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில் ராம்லீலா மைதானத்தில் பிரதம மந்திரி பேசிய கூட்டத்திற்கு வந்தவர்களின் முகங்களைச் சோதிக்க அதே போலீசார் இதை உபயோகித்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. குழந்தையைத் தேட வந்த யந்திரம் கூட்டத்தில் ஆளைத் தேடப் போய்விட்டது.

80-க்கு மேல் மார்க்கு வந்தால் ஆள் பொருந்தியதாக வைத்துக்கொள்ளுகிறோம் என்று அந்தப் போலீசாரே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2022-ல் பதில் சொன்னார்கள். 80-க்குக் கீழே வந்தாலோ விட்டுவிடுவதில்லை. வேறு சாட்சியம் தேடுவார்களாம். ஏன் 80? ஏன் 90 இல்லை? 80 மார்க்கு என்றால் நூற்றுக்கு எண்பது பங்கு அவன்தான் என்று அர்த்தமாகாது. இரண்டு படங்கள் ஒத்திருப்பதற்கு யந்திரம் போட்ட மார்க்கு அது. அண்ணன் தம்பிக்குக்கூட நல்ல மார்க்கு வரும்.

2020 மார்ச்சில் டில்லிக் கலவரத்தைப் பற்றி உள்துறை மந்திரி திரு. அமித்ஷா பார்லிமெண்டில் பேசும்போது, இந்த முறையில் 1,100 பேருக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்றும், இந்த யந்திரம் மதத்தையும் பார்க்காது, உடையையும் பார்க்காது, முகத்தைத்தான் பார்க்கும் என்றும் சொன்னார். வாக்காளர் அட்டையும் டிரைவிங் லைசென்சும் இதற்காகச் சேர்க்கப்பட்டதென்றும் அவரே சொன்னார். யந்திரம் மதம் பார்க்காது என்பதை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் காமிராவை எந்தப் பேட்டையில் கட்டுவது, யாரை ஏட்டில் எழுதுவது என்று தீர்மானிக்கிறவன் மதம் பார்க்காதவனா, ஜாதி பார்க்காதவனா என்றுதான் கேட்கிறேன். ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த படத்தை நம்மைத் தேடுவதற்கு எடுத்துக்கொள்ள நம்மிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

ஏட்டின் கொடுமை நமக்குத் தெரியாததா? 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தான். 1911-ல் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மனு பிறவியினால் தாழ்ந்தவன் என்று எழுதினான்; வெள்ளைக்காரன் பிறவியினால் திருடன் என்று எழுதினான். குற்றம் செய்தவனும் செய்யாதவனும் கைரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். மாட்டோமென்று எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர் மக்களின்மேல் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டதில் பெண் உட்படப் பலர் மாண்டார்கள். ரேகை பொய் சொல்லவில்லை. ரேகை மதமும் பார்க்கவில்லை. யார் ரேகை வைப்பது என்று சொன்ன சட்டந்தான் அக்கிரமச் சட்டம். போராடிப் போராடி 1947-ல்தான் அது இம்மாகாணத்தில் ஒழிந்தது.

அந்த 1920-ம் வருஷத்திலேயே கைதிகளின் அடையாளம் எடுக்க ஒரு சட்டமும் வந்தது. அதை நீக்கிவிட்டு 2022-ல் இந்திய சர்க்கார் புதுச் சட்டம் செய்து, கைரேகை, படம், கண்ணின் கருவிழி அடையாளம் ஆகியவைகளை 75 வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது. விடுதலையானவனுடையதை அழிக்க வேண்டுமென்று விதி உண்டு. கோர்ட்டார் வேறு உத்தரவு போட்டால் இருக்கும். நம் தமிழ்நாட்டுப் போலீசாரும் 2021-ல் முகங் கண்டறியும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2024 மே மாதத்தில் அந்த ஏட்டிற்குள்ளேயே வெளியார் புகுந்துவிட்டார்கள். நம்மைக் காக்கிறோமென்று நம் படத்தை வைத்திருப்பவர்கள் அந்தப் படத்தையே காக்க முடியவில்லை!

அமெரிக்காவில் டிட்ராயிட் நகரத்துப் போலீசார் 2020 ஜனவரியில் ஒரு கறுப்பரை அவருடைய பெண்ஜாதி பிள்ளைகளுக்கு முன்னாலேயே கைது செய்தார்கள். கடைத் திருட்டுப் படமும் அவருடைய பழைய லைசென்சுப் படமும் ஒத்திருப்பதாக யந்திரம் சொல்லிற்றாம். ஏறக்குறைய 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். ஆள் அவர் இல்லை. அவர் வழக்காடினார். 2024-ல் அந்நகரத்தார் 3 லட்சம் டாலர் கொடுக்கவும், யந்திரம் சொன்னதை மாத்திரம் வைத்து இனிக் கைது செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரசபை 2019-லேயே போலீசார் இதை உபயோகிக்கக் கூடாதென்று தடுத்தது. கேட்கிறவர்கள் இருந்த இடத்தில் யந்திரமும் அடங்கிற்று.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. காமிரா வைத்தால், எந்தச் சட்டத்தின்கீழ் வைத்தீர்கள், யார் படங்கள் ஏட்டில் இருக்கின்றன, எத்தனை மார்க்குக்கு ஆளைப் பிடிக்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், எத்தனை தடவை தவறிற்று என்று ஐந்து கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தாலும் பத்திரிகையில் போடுங்கள். வராவிட்டாலும் வரவில்லையென்று போடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்திருப்பதை வக்கீல் தோழர்கள் கோர்ட்டில் எடுத்துப் பேச வேண்டும். யாராவது பிடிபட்டால், யந்திரத்தைத் தவிர வேறு சாட்சி என்ன என்பதையே முதல் கேள்வியாக்க வேண்டும். இன்னொன்று: கூட்டம் முடிந்ததும் நாமே ஒவ்வொரு தோழர் முகத்தையும் படம் பிடித்துப் பெயரும் போட்டு ஊரெங்கும் அனுப்புகிறோமே, அது அடுத்தவன் ஏட்டை நம் கையால் நிரப்பிக் கொடுக்கும் காரியமாகும். சம்மதமில்லாமல் யார் படத்தையும் போடாதீர்கள்.

தோழர்களே! பயந்து வீட்டிலிருப்பவனுக்கு இந்த யந்திரம் சர்வ வல்லமையுள்ள கடவுள். கேள்வி கேட்கிறவனுக்கு அது தப்புச் செய்யக்கூடிய ஒரு கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளையிடம் கணக்குக் கேட்பது குடிகளின் உரிமை. அந்த உரிமையை விடாதீர்கள்.