வழக்கும் நடக்கட்டும், வண்டியும் ஓடட்டும்



சார்க் என்னும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் அரசியலையும் பொருளாதாரத்தையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். டெல்லியில் பேச வேண்டியதைக் கம்பத்தில் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களை நான் போடிக்கு, ஒரு மிளகுக் கடைக்கு அழைத்துப் போகிறேன்.

சரக்கு வந்து இறங்கியதும் வியாபாரி என்ன செய்கிறார்? ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்க்கிறார். பதர் எவ்வளவு என்று ஊதிப் பார்க்கிறார். ஒரு லிட்டர் அளவில் நிரப்பி எடை போடுகிறார். 550 கிராம் நின்றால் நல்ல காய் என்று தலையாட்டுகிறார். அந்தக் கைக்குத் தெரியாத மிளகு கிடையாது. ஆனால் சலித்து, கலந்து, சாக்கில் தைத்துவிட்ட பிறகு, அது இடுக்கி மலையில் விளைந்ததா, இலங்கையின் மாத்தளையில் விளைந்ததா, வியட்நாமில் விளைந்ததா என்று எந்தக் கையாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது ஒரு காகிதம்தான். எந்த நாட்டில் விளைந்தது என்று அரசாங்க முத்திரையோடு வரும் சான்றிதழ்.

அந்தக் காகிதம் என்ன செய்தது என்று கேளுங்கள். இந்தியாவும் இலங்கையும் 1998-இல் கையெழுத்திட்டு, 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தத்தின்படி, இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரியே இல்லாமல் உள்ளே வரலாம். அதற்கு மேல் வந்தால், சார்க் நாடுகளின் சாஃப்டா வணிக ஒப்பந்தப்படி 8 விழுக்காடு வரி. அதே மிளகு வியட்நாமிலிருந்து நேராக வந்தால் 2017-இல் வரி 50 விழுக்காட்டைத் தாண்டியது. இந்த வித்தியாசம் போதாதா? வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது என்று நம் விவசாயிகள் கூக்குரல் எழுப்பினார்கள். 2016-இல் கிலோ 700 ரூபாய்க்கு அருகில் நின்ற மிளகு, 2017 முடிவதற்குள் 400 ரூபாய்ப் பக்கம் இறங்கியது. அந்த டிசம்பரில்தான் மத்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்று வேலி போட்டது.

இதில் இலங்கைக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. நான் திட்ட மாட்டேன். மாத்தளையிலும் கண்டியிலும் மிளகுக்கொடி ஏற்றுகிற சிறு விவசாயியும் நம்மைப் போலத்தான் பாதிக்கப்பட்டார். அவருடைய மிளகு காரத்துக்குப் பேர்போனது. அந்தப் பேரில் அடுத்த நாட்டுச் சரக்கு போனால் அவர் விலைதான் விழும். அதனால்தான் 2019 டிசம்பரில் இலங்கை அரசே, மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குவதைத் தடை செய்தது. இரண்டு பக்கத்து விவசாயிக்கும் ஒரே நோய். ஆனால் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முறையிட ஓர் இடம் இருந்ததா? இல்லை. இருந்திருக்க வேண்டிய இடம்தான் சார்க்.

1985 டிசம்பர் 8. டாக்காவில் ஏழு நாடுகள் கூடிக் கையெழுத்திட்டன. 2007-இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த எட்டு நாடுகளில் இருக்கிறது. ஆனால் இந்த நாடுகள் செய்யும் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் செய்துகொள்வது சுமார் 5 விழுக்காடு என்கிறது உலக வங்கி. நமக்குக் கிழக்கே ஆசியான் நாடுகளில் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. ஓர் இந்திய நிறுவனம் பக்கத்துத் தெற்காசிய நாடு ஒன்றோடு வணிகம் செய்வதைவிட, கடல் கடந்து பிரேசிலோடு செய்வது சுமார் 20 விழுக்காடு மலிவாக முடிகிறது என்றும் அதே வங்கி சொல்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போக உலகத்தைச் சுற்ற வேண்டியிருக்கிறது, நண்பர்களே.

ஏன் இப்படி? சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இரண்டே விதி. ஒன்று, எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். இரண்டு, இரு நாடுகளுக்கு இடையிலான தகராறுகளை அங்கே பேசவே கூடாது. பொதுக்கிணற்றில் மோட்டார் வைக்க எட்டுப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் எந்தப் பங்காளியும் தன் மனத்தாங்கலை வாய்திறந்து சொல்லக்கூடாது என்று எழுதி வைத்தால் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியுமா? 2014 நவம்பரில் காத்மாண்டுவில் அதுதான் நடந்தது. சாலைப் போக்குவரத்து, ரயில், மின்சாரம் என்று மூன்று ஒப்பந்தங்கள் தயாராக இருந்தன. பாகிஸ்தான் இசையவில்லை. மின்சார ஒப்பந்தம் மட்டும் கடைசி நேரத்தில் தப்பியது. அதற்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, உரித் தாக்குதலுக்குப் பின் நின்றுபோனது. 2019-இல் புல்வாமா தாக்குதல். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல். அட்டாரி எல்லை மூடப்பட்டது. மூன்று போர்களைத் தாண்டி நின்ற 1960-ஆம் ஆண்டுச் சிந்து நதி ஒப்பந்தமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

பஹல்காமுக்குச் சுற்றுலா போனவர்களைச் சுட்டுக் கொன்றவர்கள் மீது நம் நாடு கொண்ட கோபம் நியாயமான கோபம். துப்பாக்கிக்கு இடம் கொடுத்துக்கொண்டே கைகுலுக்க வா என்றால் யாரும் வர மாட்டார்கள். அதை மறைத்துப் பேசுகிற ஆள் நானில்லை. என் கேள்வி வேறு. இரண்டு பேர் சண்டைக்கு நேபாளம் என்ன செய்தது? பூட்டான் என்ன செய்தது? மாலத்தீவும் இலங்கையும் ஏன் வாசலில் காத்திருக்க வேண்டும்?

சண்டை இல்லாத அண்டை வீடு கிடையாது. இதை நம்மைவிட யார் அறிவார்கள்? நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வருவதே ஓர் அயல்நாட்டு ஒப்பந்தத்தால்தான். ஆம், 1886 அக்டோபர் 29-ஆம் தேதி அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டபோது திருவிதாங்கூர் தனி மன்னராட்சி. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் அரசு. ஏக்கருக்கு 5 ரூபாய் குத்தகை, 999 ஆண்டுகள். பொறியாளர் பென்னிகுவிக் 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தார். வெள்ளைக்காரன் போனான், மன்னராட்சி போனது, கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்தது. 1970-இல் இரு மாநிலங்களும் உட்கார்ந்து குத்தகையை 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்குக் கொடுத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தன. கேட்டார்கள், கொடுத்தோம், தண்ணீர் வந்தது.

பிறகு 2011 டிசம்பரில் அணைத் தகராறு வெடித்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு அது நேற்று நடந்ததுபோல இருக்கும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரமாயிரமாய்க் குமுளியை நோக்கி நடந்தோம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதையும் அடைபட்டன. அந்த நாட்களில் அதிகம் அடிபட்டது யார்? விடியற்காலை இருட்டில், ஒரு கையில் தூக்குவாளியும் மறுகையில் மழைக்குப் போர்த்தும் சாக்குமாக, ஜீப்பில் நெருக்கியடித்து வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும் ஏலக்காய் எடுக்கப் போகிறார்களே, அந்தப் பெண்கள். உயிருக்குப் பயந்து மலையிறங்கி ஓடி வந்தார்கள். அங்கே செடியில் காய் கிடந்தது, இங்கே வீட்டில் உலை காய்ந்தது. நம் காய்கறி லாரிகள் மலையேறவில்லை. இந்தப் பக்கமும் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அதையும் இந்த மேடையில் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் கடைக்காரரும் நம் ஊர்க்காரர்.

ஆனால் அந்தச் சண்டை நிரந்தரமாகவில்லை. ஏன்? வாதாட ஓர் இடம் இருந்தது. அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்புச் சொன்னது. கேரளம் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. 2014 மே 7-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லி, 142 அடியை உறுதி செய்து, மேற்பார்வைக்குக் குழுவும் அமைத்தது. இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இருக்கட்டும். வழக்கு நடந்த அத்தனை ஆண்டும் சுரங்கத்தில் தண்ணீர் வந்தது. பாதை திறந்ததும் ஜீப்புகள் மலையேறின. கோபம் ஒரு வழியிலும் பிழைப்பு இன்னொரு வழியிலும் போக, இரண்டுக்கும் தனித்தனிப் பாதை இருந்தது. சார்க்கில் இல்லாதது இதுதான். முறையிட இடமில்லை, அதனால் எந்தக் கோபம் வந்தாலும் முதலில் அடைபடுவது சாலை.

2025-இல் வங்காளதேசத்தோடு என்ன நடந்தது? அவர்கள் நம் பருத்தி நூலைத் தரைவழியில் வாங்குவதை ஏப்ரலில் நிறுத்தினார்கள். மே மாதம் நாம் அவர்களுடைய ஆயத்த ஆடைகளைத் தரைவழியில் எடுப்பதை நிறுத்தினோம். நூற்பாலை வேலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. அவர்களுக்கு இந்தச் செய்தி வெளிநாட்டுச் செய்தி ஆகுமா?

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதே சாசனத்தின் ஏழாவது பிரிவு, எட்டு நாடும் சேராமல், இரண்டுக்கு மேற்பட்ட சில நாடுகள் மட்டும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யச் செயற்குழு அமைக்கலாம் என்கிறது. எழுதி நாற்பது ஆண்டு ஆகிறது. அந்தக் கதவைத் தட்டியவர்கள் குறைவு. வேண்டியவர்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நவம்பர் சாட்சி. நேபாளத்து ஆற்று மின்சாரம் 40 மெகாவாட், இந்தியக் கம்பி வழியாக வங்காளதேசத்துக்குப் போனது. மூன்று நாடுகள், ஒரு கம்பி. 2022-இல் இலங்கை பட்டினியில் தவித்தபோது நம் தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் மருந்தும் அறிவித்து, மே 18-ஆம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. அதற்காக நான் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்த ஆண்டிலும் சார்க் தலைவர்கள் ஒரு முறைகூடக் கூடவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இலங்கையும் அதில் உண்டு. 2004-இல் தடையற்ற வணிகத்துக்குக் கட்டமைப்பு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வணிக உடன்பாடு இன்னும் கையெழுத்துக்கு வரவில்லை.

எல்லையை அகலத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மிளகில் பட்ட அடி போதும். நான் கேட்பது இதுதான். ஏழாவது பிரிவின்படி இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான் நான்கும் வாசனைப் பொருளுக்கு என்று ஒரு செயற்குழு அமைக்கட்டும். நேபாளமும் பூட்டானும் பெரிய ஏலக்காய் விளைவிக்கிற நாடுகள், நேபாளத்துப் பெரிய ஏலக்காயை அதிகம் வாங்குவது இந்தியா. குறைந்தபட்ச விலையைப் பற்றி அந்த நான்கு நாட்டு விவசாயிகளும் ஒரே இடத்தில் பேசட்டும். சான்றிதழ் கொடுக்கும் நாட்டின் கிடங்குக்குள் வாங்கும் நாட்டு அதிகாரி நுழைந்து பார்க்க உரிமை இருக்கட்டும். பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் இரண்டு நாட்டுச் சட்டமும் பாயட்டும். தகராறு வந்தால் விசாரிக்க நடுவர் இருக்கட்டும், விசாரணை முடியும் வரை சரக்கு நிற்காமல் போகட்டும்.

அடுத்த முறை நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டு இந்தத் தெருவுக்கு வருபவரிடம் அணையைப் பற்றிக் கேட்கிறீர்கள், ரயிலைப் பற்றிக் கேட்கிறீர்கள். 2010 கடைசியில் நின்ற போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்தது, விடாமல் கேட்டதால்தான். அந்த வரிசையில் இதையும் சேருங்கள். சார்க் சாசனத்தின் ஏழாவது பிரிவைப் பற்றி அவையில் எப்போது கேள்வி எழுப்புவீர்கள் என்று அவரிடம் தேதி கேளுங்கள்.