சிங்கி இறால் குஞ்சும் அதன் உணவும்



அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஒரு சிற்றுயிரின் பசியைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

கல் இறால் என்றும் சிங்கி இறால் என்றும் வழங்கப்பெறும் உயிரியை நீங்கள் அறிவீர்கள்; அதன் விலையையும் அறிவீர்கள். சாதாரண இறாலைக் குளத்தில் வளர்க்கக் கற்ற மனிதன், இதனை முட்டையிலிருந்து வளர்க்க இயலாமல் நெடுங்காலம் தவித்தது ஏன்? குஞ்சுக்கு என்ன ஊட்டுவது என்பது தெரியாமையே பெருங்காரணம்.

முட்டையினின்று வெளிவரும் குஞ்சு தாயைச் சிறிதும் ஒத்திராது. நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். உடல் கண்ணாடி போன்றது, இலைபோல் தட்டையானது. 'இலையுடல்' எனப் பொருள்படும் பில்லோசோமா என்னும் கிரேக்கப் பெயர் அதற்கு அமைந்தது இதனால்தான். பல மாதங்கள் கடலில் மிதந்து, பலமுறை தோலுரித்து, அது சுமார் 3 சென்டிமீட்டர் அளவை எட்டுகின்றது.

ஆய்வாளர்கள் அதற்கு இட்ட முதல் உணவு ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் சிற்றுயிர் அது. உப்பளத்தில் உழைத்தோர் அதனைக் கண்டிருக்கக்கூடும். பெயரைத்தான் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆயினும் அதன் குஞ்சில், சிங்கி இறாலுக்கு இன்றியமையாத சில கொழுப்பு அமிலங்கள் மிகக் குறைவு. ஆகவே அதற்கு முன்னதாக மீனெண்ணெய்க் குழம்பை ஊட்டிவிட்டு, பின்னர் இரையாக இடுகின்றனர். கொலஸ்டிராலைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலும் இறால் இனத்திற்கு இல்லை. அதுவும் உணவிலேயே கிடைத்தாக வேண்டும்.

குஞ்சு வளர வளர ஆர்ட்டீமியா போதாது. ஜப்பானிய அறிஞர் கித்தாக்கா, பாறைச் சிப்பியின் தசையையும் சேர்த்து ஊட்டி, தென்னாப்பிரிக்கக் கல் இறாலின் குஞ்சை அடுத்த பருவம் வரை வளர்த்துக் காட்டியது 1988-இல். ஜப்பானியக் கல் இறாலில் அவ்வெற்றி 1989-இல் வெளியாயிற்று. ஆனால் சிப்பித் தசை விரைவில் அழுகும், நீர் கெடும், நுண்ணுயிர் பெருகிக் குஞ்சுகள் மடியும். ஊட்டுவதைப் போன்றே எஞ்சியதை அகற்றுவதும் பெரும்பணி.

இங்குதான் வியப்பான செய்தி வருகின்றது. பில்லோசோமாவுக்குப் பின் வரும் பியூருலஸ் பருவத்தில் அது எதையுமே உண்பதில்லை. முன்பு சேமித்த கொழுப்பை எரித்தே, திறந்த கடலினின்று கரையோரம் நீந்திச் சேர்கின்றது. பல மாதங்களுக்கு முன் உணவில் நேர்ந்த குறை, அப்பொழுதுதான் சாவாக வெளிப்படும். தொட்டியில் நன்றாகத் தோன்றிய குஞ்சு, உருமாறும் வேளையில் வீழ்வது இதனால்தான்.

வியட்நாமில் 1990-களிலிருந்து பெரிதும் வளர்ந்த கூண்டு வளர்ப்பு, கடலில் பிடித்த குஞ்சுகளையே நம்பி நடந்தது. நம் நாட்டிலோ சிறு இறால்களையும் பிடித்து விற்றதால், குறிப்பிட்ட எடைக்குக் குறைந்த சிங்கி இறாலை ஏற்றுமதி செய்யலாகாது என 2003-இல் விதிக்க நேர்ந்தது.

தூத்துக்குடியில் 1977-இல் தொடங்கப்பெற்ற மீன்வளக் கல்லூரியில் மீன் வளர்ப்பும் தீவன இயலும் பாடங்களாக உள்ளன. மேல்நிலை வகுப்பில் உயிரியல் பயிலும் தம்பி, தங்கையர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே அதற்கும் விண்ணப்பியுங்கள்.