வீட்டிலே நல்லொலி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வீட்டிலே திரைப்படம் பார்ப்பதற்கும் இசை கேட்பதற்கும் வேண்டிய ஒலிக்கருவிகளை எவ்வாறு தெரிவது, எவ்வாறு வைப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இஃது ஆடம்பரம் விரும்புவோர் விஷயமன்றோ எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆனால், இக்காலத்து மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒலிபெருக்கிகள் மிகச் சிறியனவாய், பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்துள்ளன. அதனால் முதலில் இடர்ப்படுவோர் வீட்டிலுள்ள முதியோரே. படம் தெரிகிறது, பேச்சு விளங்குவதில்லை. "என்ன சொன்னான்?" என்று பலமுறை கேட்டுச் சலித்து, எழுந்து போய்விடுகிறார்கள்.

கடையிலே முதலிற் கண்ணிற் படுவது பெட்டியில் அச்சிட்ட வாற்றுக் கணக்கு. "பி.எம்.பி.ஓ." என ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், அது முறையான அளவுகோல் எதுவுமில்லாத விளம்பர எண். "ஆர்.எம்.எஸ்." என்னும் தொடர் வலுவையே கேளுங்கள். அதிலும், 50 வாற்று 100 ஆனால் ஓசை இரட்டிப்பதில்லை. 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வலு வேண்டும். ஆதலின், நன்கறிந்த ஒரு பாட்டையும் ஒருவர் பேசும் குரலையும் போட்டுக் கேட்டே வாங்குங்கள்.

5.1 என்பது யாது? முன்னே இடம், வலம், நடு என மூன்று ஒலிபெருக்கிகள். கேட்போரின் பக்கத்திற் சற்றுப் பின்னே இரண்டு. ஆழ்ந்த ஓசைக்கெனச் சப்வூபர் ஒன்று. திரைப்படப் பேச்சின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியிலிருந்தே வருவதால், அதில் சிக்கனம் கூடாது. கைப்பணம் குறைவாயின், மலிவான ஆறிலும் நல்ல இரண்டே மேல். அவ்விரண்டும் நீங்கள் இருக்கும் இடமும் சமபக்க முக்கோணமாகும்படி, காது மட்டத்தில் வையுங்கள். அப்போது பேச்சு திரையின் நடுவிலிருந்தே வருவதுபோலக் கேட்கும். சப்வூபரை மூலையில் ஒதுக்கினால் முழக்கம் மிகுந்து பேச்சை மூடிவிடும். இடம் மாற்றிப் பாருங்கள்.

இனி அறையைப் பார்ப்போம். 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் புதிய விரிவுரை மண்டபமொன்றில் பேச்சு விளங்கவில்லை. ஓசை 5 விநாடிக்கு மேல் நின்று முழங்கியது. காரணங்காணும் பணியை ஏற்ற வாலஸ் சபீன் என்னும் இளம் பௌதிக ஆசிரியர், அருகிலிருந்த அரங்கின் ஆசன மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பினார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைவதை அளந்து காட்டினார். நம் வீடுகளிலோ சீமெந்து நிலம், வெறுஞ்சுவர், கண்ணாடி யன்னல். தடித்த திரைச்சீலையும் நிலத்திற் கம்பளமும் புத்தகம் நிறைந்த அலுமாரியும் அங்கே செய்யும் உதவியை விலையுயர்ந்த கருவி செய்யமாட்டாது.

எல்லாம் வைத்து முடிந்ததும், வீட்டின் மூத்தவரை நடுவே இருத்தி, பேச்சு விளங்குகிறதா என்று கேளுங்கள். அவர் எழுந்து போகாமல் படம் முடியுமட்டும் இருப்பாராயின், உங்கள் தெரிவு நன்று.