கப்பலை மட்டும் நம்பலாமா?



அந்தமானில் உலையில் போடும் அரிசியில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? கப்பலில் வருகிறது. பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கும் அப்படித்தான். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். சென்னையிலிருந்து அங்கே கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். வந்து சேர சுமார் மூன்று நாள் ஆகும். ஹட்பேக்கும் கச்சாலுக்கும் போக மறுபடி கப்பல் ஏற்ற வேண்டும். ஏற்று கூலி, இறக்கு கூலி, வழியில் அழுகிய நஷ்டம் எல்லாம் விலையில் சேருகிறது.

கப்பல் நின்றால் என்ன ஆகும்? தீவுகள் அதையும் பார்த்திருக்கின்றன. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை அந்தமானைப் பிடித்தது. 1945 வரை அதன் ஆட்சி நடந்தது. போர் முற்றியது. வெளியிலிருந்து உணவு வருவது நின்றது. மக்கள் பசியால் வாடினார்கள். பலர் இறந்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. ஜெட்டிகள் உடைந்தன. தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்தது. நெல் வயல்களில் கடல்நீர் புகுந்தது.

தேவையான அரிசி, பருப்பு முழுவதையும் தீவில் விளைவிக்க முடியாது. ஆனால் காய், கீரை, கிழங்கு, பழம், மீன், முட்டை இங்கேயே கிடைக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண் இது. தேங்காய், வாழை, பப்பாளி, முருங்கை, பசலை, சேம்பு, சேனை, மரவள்ளி எல்லாம் வளரும். பர்மா தனியா வேலியோரத்திலும் முளைக்கும். நிக்கோபார் மக்கள் தாழை வகைப் பழத்தை வேகவைத்து உணவாக்குகிறார்கள். அது அவர்கள் மண்ணின் சாப்பாடு.

முருங்கைக்கீரையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. பழுத்த பப்பாளி கண்ணுக்கு நல்லது. இவை பறித்த அன்றே சட்டிக்கு வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். மரவள்ளியைத் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, நீரை வடித்துவிட்டு உண்ணுங்கள். பச்சையாகத் தின்னக் கூடாது.

மரவள்ளியை ஏழை உணவு என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். மரவள்ளியும் மீன் குழம்பும் விருந்தாளிக்கே வைக்கலாம். வந்தவர் ருசித்தால், போகும்போது ஒரு குச்சியும் வெட்டிக் கொடுங்கள். அவர் வீட்டிலும் நடுவார். பக்கத்து வீட்டுக்கு முருங்கைப் போத்து கொடுங்கள். அங்கிருந்து பசலைக்கொடி வாங்குங்கள். மகளிர் குழுக் கூட்டத்துக்கு விதை கொண்டு போங்கள்.

கப்பல் வரட்டும். அது வராத நாளிலும் பிள்ளைகள் பசியாறட்டும்.

பேசிப் பாருங்கள்:
1. நேற்று உங்கள் வீட்டில் சமைத்ததில் எவை கப்பலில் வந்தவை?
2. அவற்றில் எதை உங்கள் கொல்லையிலேயே வளர்க்கலாம்?