ஊறுகாயும் முக்காலமும்: ஜொகூர்த் தோட்டப்புறத்துக் கனிச்சொற்கள்



வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுத் தருக என்று கேட்டால், நம் மாணவர் பலரும் எழுதும் விடை 'ஊறுகாய்' என்பதே. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என விரித்துக் காட்டி முழு மதிப்பெண்ணும் பெறுவர். விடை சரியானதே. ஆயின் அம்மூன்று காலமும் இலக்கண ஆசிரியர் தம் வசதிக்காகக் கற்பித்துக்கொண்டவை அல்ல. உப்பிட்டுச் சாடியில் அடைத்த காய், அடைத்த அன்று இனி ஊறும் காய்; பத்தாம் நாள் ஊறுகின்ற காய்; ஒரு திங்கள் கழிந்தால் ஊறிய காய். அதன் பிறகும் ஊறுதல் நின்றுவிடுவதில்லை. காலம் காட்டும் இடைநிலையை அச்சொல் விட்டுவிட்டதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமோ? தொல்காப்பியர் எச்சவியலில் வினைத்தொகையைச் சொல்லும்போது காலத்தையே அதன் இயல்பாக வைத்துச் சொல்கிறார்.

இன்றைய மாணவர்க்கு ஊறுகாய் என்பது பேரங்காடித் தட்டில் நிற்கும் ஒரு புட்டி. அவர் காண்பதற்கு முன்பே அது ஊறி முடிந்தது. மூன்று காலங்களுள் அவருக்கு இறந்தகாலம் ஒன்றே கிடைக்கிறது. இந்த இழப்பு நம் ஜொகூர் மாநிலத்தில் எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்றைய உரையின் பொருள். இது சமையற்குறிப்பு உரை அன்று; எனினும் இடையிடையே வாயூறினால் நாம் பொறுப்பல்லோம்.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டு நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என அப்பாதையை ஒட்டியும் அதற்கு அப்பாலும் கித்தாத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆள் வந்தது. 1938இல் இந்திய அரசு அவ்வாறு உதவி பெற்று ஆள் செல்வதைத் தடுக்கும் வரை இது தொடர்ந்தது. வந்தவர் லயத்து வீட்டின் பின்புறம் கிடைத்த துண்டு நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தனர், வாழை வைத்தனர், மாங்கொட்டையும் ஊன்றினர்.

மரம் வளர்ந்தது. காய்ப்பில்தான் குறை. மாமரம் பூப்பதற்குத் தொடர்ந்த வறட்சி வேண்டும். பெர்லிஸ் மாநிலத்தில் அவ்வறட்சி உண்டு; அதனால்தான் ஹாருமானிஸ் மாங்கனிக்கு அம்மாநிலம் பெயர் பெற்றது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஜொகூரில் வறண்ட பருவம் என்று சொல்லத்தக்கது இல்லை. நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட திங்கள்களில் பிற்பகல்தோறும் இடியும் மழையும். தமிழகத்தில் மிளகாயும் வற்றலும் வடகமும் காயும் சித்திரை இங்கே இடிமழைத் திங்கள். பெரும்பொழுது ஆறு என்று மனனம் செய்து வந்தவர்க்கு, ஆறையும் ஒரே நாளில் காட்டும் நாடு இது.

குளுவாங்கை அடுத்த தோட்டமொன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் சொல் திரட்டச் சென்றிருந்தோம். வற்றல் போடுவது குறித்துக் கேட்டோம். அவர் சொன்னது: "அங்க வெயிலு காயவைக்கும் தம்பி. இங்க அடுப்புதான் காயவைக்கணும்." பகலில் லயத்தின் தகரக் கூரைமேல் முறத்தோடு ஏற்றி வைப்பதும், மேகம் கறுத்தால் குழந்தைகளை ஏவி இறக்குவதும், இரவில் அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டுப் புகையில் வாட்டுவதும் அவர் வழக்கம். உப்பின் அளவையும் மாற்றிக்கொண்டாராம்: ஊரில் எட்டுப் பங்குக் காய்க்கு ஒரு பங்கு, இங்கே ஆறுக்கு ஒன்று. ஈரக்காற்றை நம்ப முடியாது என்றார். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அந்நீர் பயன்படாமற்போகும். உப்பைத் தாங்கும் நுண்ணுயிர்கள் புளிப்பை உண்டாக்கிக் காயைக் காக்கும். அவர் இதனை 'உப்பு தண்ணி விடும்' என்ற மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

அவரிடம் நாம் குறித்துக்கொண்ட வினைச்சொற்களின் செறிவு இன்றும் வியப்புத் தருகிறது. கீறு, வகிர், அரி, நறுக்கு என வெட்டுதலில் நான்கு. கீறிய காய் பிளவுபடாது, வகிர்ந்த காய் பிளவுபட்டும் காம்பில் ஒட்டியிருக்கும், அரிந்தது மெல்லிய வில்லை, நறுக்கியது துண்டம். மிளகாய்த்தூளைக் காயின்மேல் தூவிக் கைபடாமல் ஒட்டச் செய்வது பிசிறுதல். சாடியை நாள்தோறும் ஆட்டி வைப்பது குலுக்குதல்; கரண்டியிட்டால் அது கிளறுதல், அது பாகு காய்ச்சும்போது மட்டுமே. உலர்தலும் வற்றுதலும் ஒன்றெனக் கருதுவார் உளர். துணி உலரும், வற்றாது. குளம் வற்றும், உலராது. மேலீரம் போவது உலர்தல், உள்நீர் சுண்டுவது வற்றுதல். காய்க்கு மட்டும் இரண்டும் உண்டு; முதலில் உலர்ந்து பின் வற்றும்; வற்றியபின் அதன் பெயரே வற்றல். தொழிற்பெயர் பொருட்பெயராகிவிடுகிறது.

இவை எல்லாம் கூடும் இடம் 'பதம்'. நன்னூலின் பதவியலில் பதம் என்றால் சொல். அடுப்படியில் பதம் என்றால் பக்குவத்தின் சரியான கணம். ஒன்று வடசொல்வழி வந்தது, மற்றது நம் வழக்கு என்று பிரித்துக் காட்டலாம். ஆயினும் சொல்லுக்கும் பக்குவத்துக்கும் ஒரே ஒலி அமைந்தமை ஒரு மொழியாசிரியனுக்குப் பெருமகிழ்ச்சி தருவது. பதப்படுத்துதல் என்னும் சொல்லைத் தொழிற்சாலைக்கு உரியதாக்கிவிட்டோம். பதம் பார்த்தல் சமையற்கட்டில் பிறந்தது.

மாங்காய் அரிதான இடத்தில் அம்மூதாட்டி எதை ஊறவைத்தார்? பெலிம்பிங் பூலோவை, கெடொண்டோங்கை, முற்றாத பப்பாளியை, நெல்லியை. முதல் இரண்டும் மலாய்ப் பெயர்கள். அவற்றை அவர் மலாய்க்காரர் சொல்வதுபோலவே சொன்னார். பெயர் மாறியது, ஆனால் கீறுதலும் பிசிறுதலும் குலுக்குதலும் அப்படியே நின்றன. மொழிகள் கலக்கும் இடங்களில் பெயர்ச்சொல் எளிதாகக் கடன்பெறப்படும், வினைச்சொல் அத்துணை எளிதில் பெறப்படாது என்பது மொழியியலார் பல நாடுகளிலும் கண்டது. ஜொகூரின் லயத்து அடுப்படி அதற்கு நல்ல சான்று. நெல்லியைப் பற்றி ஒரு சொல்: மலாயில் நெல்லி மரத்துக்கு 'மலாக்கா' என்று பெயர். பரமேசுவரன் அம்மரத்தடியில் அமர்ந்திருந்து நகருக்கு அப்பெயரை இட்டான் என்பது மரபு. மூவாறு கடந்து மலாக்கா செல்லும் மாணவர், தாம் ஒரு நெல்லிமரத்துக்குள் நுழைவதாக எண்ணிக்கொள்ளலாம்.

கடன் ஒருவழிப்பட்டதன்று. மலாயின் 'மங்கா' நம் மாங்காய். 'மெம்பெலாம்' நம் மாம்பழம். காயாக ஒன்றும் பழமாக ஒன்றும் போயின. போன இடத்தில் இரண்டும் அக்கனியின் பெயராயின, பருவ வேறுபாடு உதிர்ந்தது. இதற்காக மலாய் மொழியைக் குறைசொல்லலாகாது. பிஞ்சுத் தேங்காயை நாம் குரும்பை என்றால் அவர் 'மும்பாங்' என்பர். கனியின் பருவங்களை அம்மொழியும் கூர்ந்து நோக்குவதே. பெயர் கடல் கடந்தபோது பருவம் உதிர்ந்தது, அவ்வளவே. நம்மிடம் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல் என இருந்தவற்றுள் வடு ஒன்றே இன்று புழங்குகிறது. காரணம் வெளிப்படை: மாவடு இன்னும் ஊறவைக்கப்படுகிறது.

அன்னாசியின் கதை வேறு. தென்னமெரிக்கக் கனி அது; போர்த்துகீசியர் வாயிலாகத் தமிழில் அன்னாசி ஆயிற்று, மலாயில் நானாஸ் ஆயிற்று. மலேசியாவில் அன்னாசி மிகுதியாக விளையும் மாநிலம் ஜொகூரே. பொந்தியான் வட்டாரத்துக் கரிச்சேற்று நிலத்தில் பெக்கான் நானாஸ் என்றே ஓர் ஊர் உண்டு. இளங்கித்தாக் கன்றுகளுக்கு இடையில் அன்னாசி பயிரிட்டுத் தகரக் குவளையில் அடைத்து ஏற்றுமதி செய்த காலம் ஒன்றிருந்தது. தகரத்தில் அடைப்பதும் கனியைக் காப்பதே. ஆனால் அது ஆலையின் வினை. வீட்டு மொழிக்கு அது தந்த சொல் 'டின்' ஒன்றே.

டுரியானுக்கு வருவோம். 'டுரி' என்றால் முள்; 'ரம்புட்' என்றால் மயிர்; 'ஆன்' என்னும் ஒரே விகுதி பெற்று டுரியானும் ரம்புத்தானும் பிறந்தன. டுரியானுக்கு 'முள்நாறி' என்று தமிழ்ப்பெயர் வைத்தோர் உளர். நாற்றம் பழந்தமிழில் நறுமணத்தையே குறித்தது என்று அவர்கள் வாதிடலாம். டுரியானைப் பொறுத்தவரை சொல்லின் இரு பொருளும் பொருந்துவதால் அவ்வழக்கில் நாம் தீர்ப்பளிப்பதற்கில்லை. மலாய்க் குடும்பங்கள் மிகுந்த டுரியானை உப்பிட்டுப் புளிக்கவைத்துத் தெம்போயாக் ஆக்குவர். சர்க்கரையிட்டுக் கிளறி லெம்போக் ஆக்குவர். உப்பும் சர்க்கரையும் செய்யும் வேலை எந்த மொழியிலும் ஒன்றே.

'மூசிம் டுரியான்' என்கிறோமே, அந்த மூசிம் அரபு மொழியின் 'மவ்சிம்'. ஆங்கிலத்தின் 'மான்சூன்' என்பதும் அதிலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்ததே. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சிகாமட்டிலிருந்து மூவாறு நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர், வண்டியின் கண்ணாடியை இறக்கினாலே பருவத்தை அறிவர். தோட்ட மக்களுக்கோ இதைவிட முதன்மையான பருவம் ஒன்றிருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் கித்தா மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், கூலியும் குறையும். அத்திங்கள்களில் மழையும் சற்று ஓயும். அதுவும் உறுதியன்று, 2023 மார்ச்சில் சிகாமட்டும் பத்து பகாட்டும் வெள்ளத்தில் தவித்தன. ஓய்ந்த ஆண்டுகளில், வருவாய் குறைந்த அந்நாள்களில்தான் வற்றலும் ஊறுகாயும் போடப்பட்டன. பஞ்சத்தின் பருவமே சாடி நிறையும் பருவமாயிற்று. கித்தா போய்ச் செம்பனை வந்தபோது இப்பருவமும் போயிற்று. செம்பனை ஆண்டு முழுதும் குலை தரும் மரம்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் பெயர்ந்தன. அடுக்குமாடியின் பத்தாம் தளத்தில் தகரக் கூரை ஏது? முதல் தலைமுறை வினையைக் காத்துப் பெயரை மாற்றிக்கொண்டது. மூன்றாம் தலைமுறை பெயரைக் காத்து வினையை இழந்தது. மூதாட்டியின் பேரப்பிள்ளைகள் காரமானதை ஊறுகாய் என்றும் இனிப்புப் புளிப்பானதை ஜெருக் என்றும் பிழையின்றிப் பிரிப்பர். பிசிறு என்றால் நூற்புடைவையின் ஓரம் என்பர். அதுவும் பிழையில்லை, ஆனால் அது பெயர்ச்சொல்.

ஆசிரியர்கள் பள்ளி விடுமுறைக்கு முன் மாணவரிடம் கொடுக்கத்தக்க ஒரு பணி உண்டு. பாட்டியிடம் 'ஊறுகாய்க்கு என்னென்ன வேண்டும்' என்று கேட்கச் சொல்லாதீர்கள்; பெயர்ச்சொற்களின் பட்டியலே கிடைக்கும். 'முதல்நாள் என்ன செய்வீர்கள், மூன்றாம் நாள் என்ன செய்வீர்கள், கெட்டுப்போகிறது என்று எப்படித் தெரியும்' என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் தனித்தாள் வையுங்கள். பூத்தல், நுரைத்தல், கசிதல் என விடை நீளும். சொன்னதைச் சொன்னவாறே எழுதட்டும். 'பிசிறு' என்றால் 'கல' என்று திருத்த வேண்டா. சொன்னவரின் ஊரையும் அவர் இருந்த தோட்டத்தின் பெயரையும் கேட்ட திங்களையும் அடியில் குறித்து, மூலத்தாளைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். படியொன்றை இம்மன்றத்துக்கு அனுப்புங்கள்.