பழைய பாய்ப்படகா, புதிய பாய்ப்படகா?



கோடை பிறந்துவிட்டால் ஒஸ்லோ பியோர்ட் எங்கும் வெள்ளைப் பாய்கள் தெரியும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பாய்களைப் பார்த்ததும், "நாங்களும் ஒன்று வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் சிலருக்கு வருவது இயல்புதான். அடுத்து எழும் கேள்வி, பழையதா புதியதா என்பது. இன்று அதைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

பழைய படகு என்றால் நோர்வேயில் முதலில் சொல்லப்படும் பெயர் கொலின் ஆர்ச்சர். பிக்டோயில் நாம் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டும் பிராம் கப்பலை வடிவமைத்தவரும் இவரே. கடலில் மீனவர்கள் தொடர்ந்து மாண்டுகொண்டிருந்த காலத்தில், 1891ஆம் ஆண்டில், இங்கே கடல் மீட்புச் சங்கம் தொடங்கப்பட்டது. அச்சங்கத்துக்காக லார்விக்கைச் சேர்ந்த ஆர்ச்சர் ஒரு மீட்புப் படகை வரைந்தார். மற்றப் படகுகள் கரைக்கு ஓடும் புயலில் இது கடலில் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். 1893இல் கட்டப்பட்ட அந்தப் படகுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். மறு ஆண்டு மே மாதம், வடகோடியில் ஹாம்னிங்பெர்க் என்னும் இடத்தில், அது ஒரே புயலில் 36 உயிர்களைக் காப்பாற்றியது.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். அணியமும் பின்புறமும் இரண்டும் கூர். பாரம் அதிகம். ஏரா, அதாவது அடிமரம், படகின் நீளத்துக்கு ஓடுகிறது. சுக்கான் அந்த ஏராவின் முடிவிலேயே பொருந்தியிருக்கும். இப்படிப்பட்ட படகு ஒரு திசையைப் பிடித்தால் இலகுவில் விலகாது. ஆனால் மெதுவாகத்தான் போகும். நெருக்கமான படகுத்துறையில் பின்னோக்கி எடுப்பதும் பெரும்பாடு.

இந்த வடிவம் நோர்வேயோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கரான வில்லியம் அட்கின் இதைச் சிறிதாக்கி 32 அடிப் படகாக வரைந்தார். அந்த வரைபடத்தை வைத்து, பம்பாயில், இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டியதுதான் சுஹைலி. 1968 ஜூன் 14ஆம் திகதி ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் அதில் இங்கிலாந்திலிருந்து தனியே புறப்பட்டார். எங்கும் தரிக்காமல் உலகைச் சுற்றி, 312 நாட்களின் பின் 1969 ஏப்ரல் 22ஆம் திகதி திரும்பினார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவரே. வழியில் பலகை இடுக்குகளால் நீர் கசிந்தது. அவர் கடலில் மூழ்கிப் பஞ்சு அடைத்து, மேலே செப்புத் தகடு அறைந்தார். பின்னர் தானாகத் திசை பிடிக்கும் கருவியும் உடைந்துபோனது. பாய்களைச் சமன்செய்து விட்டபோது அந்த நீண்ட ஏரா படகைத் திசையில் வைத்திருந்தது. பாதி உலகத்தை அவர் அப்படித்தான் கடந்தார்.

இனிப் புதிய படகுக்கு வருவோம். இன்றைய பாய்ப்படகுகளில் பெரும்பாலானவை பைபரில் வார்க்கப்பட்டவை. பலகை இடுக்கும் இல்லை, கசிவும் குறைவு. நீண்ட ஏராவுக்குப் பதிலாக மீன்செட்டை போன்ற குறுகிய ஏராவை அடியில் ஆணிகளால் பூட்டியிருப்பார்கள். நீரோடு உரசும் பரப்புக் குறைவதால் வேகம் கூடும், சட்டென்று திரும்பும். வேகம் என்பது வெறும் பெருமை அல்ல. புயல் வருமுன் துறைமுகம் சேர்ந்துவிட அது உதவும்.

இரண்டு விதத்தையும் ஒரே மனிதர் ஓட்டிய சம்பவம் உண்டு. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய மாதேய் என்னும் 56 அடிப் புதிய படகில் 2012 நவம்பரில் மும்பையிலிருந்து தனியே புறப்பட்டு, 151 நாட்களில் நிற்காமல் உலகைச் சுற்றி வந்தார். 2018இல், அதே பட்டறையில் சுஹைலியின் மாதிரியாகக் கட்டிய துரியா என்னும் 32 அடிப் படகில் போட்டிக்குப் போனார். செப்டெம்பர் 21ஆம் திகதி தென்னிந்துமாகடற் புயலில் அது கவிழ்ந்து நிமிர்ந்தது. பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு காயப்பட்டது. மூன்று நாட்களின் பின்னரே மீட்கப்பட்டார்.

இதை வைத்துப் பழையது கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 32 அடியும் 56 அடியும் ஒன்றுக்கொன்று ஈடல்ல. பக்கத்தில் வந்து உடையும் பேரலை எந்தச் சிறு படகையும் புரட்டும். அடியில் பாரம் இருந்ததால்தான் துரியா மறுபடி நிமிர்ந்தது.

மறுபுறம், 2014 மே மாதம் சீக்கி ரபிக்கி என்ற நவீன படகு அத்திலாந்திக்கில் ஏராவையே இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த திருத்த வேலைகளும் ஏரா பொருந்தும் இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரித்தானிய விசாரணை அறிக்கை கூறியது.

முக்கிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பழைய மரப்படகு தன் நோயைக் கசிவாக வெளியே காட்டும். ஆண்டுதோறும் அடைத்து, வர்ணம் பூசிப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். புதிய படகு வெளியே மினுமினுத்துக்கொண்டே நோயை உள்ளே வைத்திருக்கக்கூடும். எங்கள் பியோர்டிலோ நீருக்கடியில் பாறைகள் ஏராளம்.

ஆகவே நேயர்களே, குடும்பத்தோடு வார இறுதியில் தீவுகளுக்குப் போய்வர நினைத்தால் பைபர் படகே வசதி. ஆனால் வாங்குமுன், "இது எப்போதாவது பாறையில் தட்டியதா?" என்று கேளுங்கள். படகைக் கரையேற்றி, ஏரா ஆணிகளையும் சுக்கானையும் விடயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள். நெடுந்தூரக் கடலோட்டமும் கைவேலையும் பிடித்தவர்கள் பழைய வடிவத்தைத் தேடலாம். அவர்கள் பணத்தோடு இளவேனிற்கால விடுமுறை நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

2024 ஒக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் படகில் இரண்டு பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் கரை சேர்ந்தார்கள். அது ஏழு வருடங்களுக்கு முன்பே இன்னோர் அணியைச் சுமந்து உலகைச் சுற்றி வந்த படகு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு படகு எத்தனை பேரைக் கரைசேர்க்கும் என்பதற்கு அதுவே சாட்சி.