மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'தேவாலயத்திலும் முகாமிலும் உதவும் கிறிஸ்துவ மிஷனரிகளின் அன்றாட வாழ்க்கை'. இதைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "இது தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தேவாலயம் ஒரு முகாம் போடுகிறது. கோயில் ஒரு முகாம் போடுகிறது. பல்கலைக்கழக மாணவர்கள் தோட்டப்புறத்துக்குத் தொண்டு முகாம் என்று பேருந்து பிடித்துப் போகிறார்கள். எந்தச் சமயத்தவராக இருந்தால் என்ன, ஊர் விட்டு ஊர் போய் உதவி செய்கிறவர் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்ன செய்கிறார் என்று பார்த்தால்தான் அந்தத் தொண்டின் தரம் தெரியும். எங்கள் தொலைக்காட்சியில் அரிசி மூட்டை கொடுக்கும் காட்சி இருபது வினாடியில் முடிந்துவிடும். தொண்டு இருப்பதோ அந்த நாளின் மீதி நேரத்தில்தான்.

அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நான் வெகு தூரம் போகவில்லை. இங்கிருந்து தெற்கே போய் மலாக்கா நகரின் செயிண்ட் பால் குன்றில் ஏறினால், கூரையில்லாத பழைய தேவாலயத்துக்கு முன்னால், வலது கை முறிந்த ஒரு வெண்ணிறச் சிலை நிற்கும். சுற்றுப்பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை அது, 1952-இல் வைத்தார்கள். நம் மண்ணில் நடந்தவர், அதற்கு முன் தமிழ்க் கடற்கரையில் நடந்தவர். அவர் தம் கைப்பட எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஆகவே அவருடைய அன்றாட வாழ்க்கையை நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

மலாக்காவில் ஒரு நாள்

சவேரியார் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்தது 1545 செப்டம்பர் கடைசியில். மயிலாப்பூர்க் கரையிலிருந்து கப்பலேறி வந்தார். தங்கியது எங்கே தெரியுமா? கோட்டைத் தளபதியின் மாளிகையில் அல்ல, மருத்துவமனையில். அந்த நவம்பரில் எழுதிய கடிதத்தில் தம் வேலைகளைச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய தேவாலயத்தில் பிரசங்கம். தினமும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளைகளுக்கு ஜெபம் கற்றுக்கொடுப்பது. மருத்துவமனையில் கிடக்கும் ஏழை நோயாளிகளின் பாவ அறிக்கையைக் கேட்பது, அவர்களுக்குப் பூசை செய்து நன்மை கொடுப்பது. பாவ அறிக்கைக்கு வருகிற எல்லாரையும் கவனிக்கத் தம்மால் முடியவில்லை என்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் அதிகம் பாடுபட்டது எதற்கு? ஜெபங்களை இந்தப் பக்கத்து மக்களுக்குப் புரியும் மொழியில் பெயர்ப்பதற்கு. மொழி தெரியாமல் இருப்பது எத்தனை பெரிய கஷ்டம் என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். அடுத்த ஜனவரி 1-ஆம் தேதி அம்போன் தீவுகளுக்குக் கப்பலேறிவிட்டார். மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்தில் பெரும்பங்கு, பெயர் சொல்லிப் புகழ முடியாத சின்னச் சின்ன வேலைகள்.

கையில் ஒரு மணி

இந்தப் பழக்கத்தை அவர் கற்றுக்கொண்டது நம் முன்னோர்களின் கடற்கரையில். 1542 அக்டோபர் வாக்கில் முத்துக்குளித்துறைக்குப் போகிறார். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் கரை அது. அங்கே பரதவர்கள் 1536, 1537 ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பில் எதிரிகளின் நெருக்கடி தாங்காமல் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியபோது நடந்தது அது. அதற்குப் பிறகு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

சவேரியாரின் தாய்மொழி பாஸ்க். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, அந்தத் தமிழை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். மணி கேட்டதும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை பாடம். படித்ததை வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்புவார். நோயாளிகள் கூப்பிட்டு அனுப்பினால், தாம் எல்லா வீட்டுக்கும் போக முடியாமல், ஜெபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பிவைப்பார். சில நாளில் ஞானஸ்நானம் கொடுத்தே கை ஓய்ந்துவிடும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் போய்விடும் என்று 1544 ஜனவரிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கு அந்த வரியைப் படித்தபோது தொண்டை வறண்டது.

பாறைகளின் மேல் ஒரு முகாம்

இப்போது முகாமுக்கு வருகிறேன். கூடாரமும் பெயர்ப்பலகையும் உள்ள முகாம் அல்ல. உயிருக்கு ஓடியவர்களின் முகாம்.

1544 ஜூன் மாதம். வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து மீனவ ஊர்களில் புகுந்து கொள்ளையடித்தது. ஜனங்கள் தோணிகளில் ஏறிக் கடலில் இருக்கும் பாறைகளுக்குத் தப்பி ஓடினார்கள். மேலே வெயில், சுற்றிலும் உப்புத் தண்ணீர். பசியால் சிலர், தாகத்தால் சிலர் சாகிறார்கள் என்ற செய்தி மணப்பாட்டுக்கு வந்தது. சவேரியார் இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று. துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள், கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். எட்டு நாள் போராடியும் குமரி முனையை நெருங்க முடியாமல் திரும்பினார்கள்.

இதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கரை வழியாக நடந்தே போனார். வழியில் கண்டதை ஆகஸ்ட் முதல் தேதிக் கடிதத்தில் எழுதுகிறார்: சாப்பிட எதுவும் இல்லாதவர்கள், நடக்க மாட்டாமல் பின்தங்கிவிட்ட முதியவர்கள், செத்துக் கிடப்பவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளிடம் உதவி திரட்டச் சொல்லும்போதும் ஒரு நிபந்தனை வைத்தார்: மனமுவந்து கொடுப்பவர்களிடம் வாங்குங்கள், யாரையும் வற்புறுத்தாதீர்கள். வசூல் நோட்டோடு வீடு வீடாகப் போகிறவர்கள் இந்த நிபந்தனையைக் குறித்துக்கொள்ளலாம்.

முகம் பேசிய மொழி

அந்த ஆகஸ்டிலேயே இன்னொரு கடிதம், புன்னைக்காயலிலிருந்து. அவருடைய மொழிபெயர்ப்பாளர் நோயாகி மணப்பாட்டில் தங்கிவிட்டார். தன்னந்தனியாக நிற்கிறார் சவேரியார். நான் நடத்தும் வாழ்க்கையை நீரே எண்ணிப் பாரும் என்று தோழருக்கு எழுதுகிறார். ஜனங்களுக்கு இவர் பேசுவது புரியவில்லை, இவருக்கோ அவர்கள் பேசுவது அதைவிடப் புரியவில்லை. ஆனாலும் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஏழைகளும் தங்கள் தேவையை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே தமக்குப் புரியவைத்துவிடுகிறார்கள், அவர்களைப் பார்த்த மாத்திரத்தில் தமக்கும் விளங்கிவிடுகிறது என்கிறார்.

இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஓர் இடத்தைத்தான். பேச்சு நின்றுபோன நாளில்தான் அவர் முகங்களைப் பார்த்தார். மொழி தெரிந்த நாமோ, முதியோர் இல்லத்துக்குப் போனால் ஒலிபெருக்கியைப் பிடித்து அரை மணி நேரம் பேசுகிறோம். கேட்பவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும். கழிப்பறைக்குப் போக யாராவது கை கொடுக்க மாட்டார்களா என்று காத்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். நாம் பார்ப்பதோ கேமராவை.

மறைக்கக் கூடாத பக்கம்

அன்பர்களே, பலவகைச் சமயத்தவர் அமர்ந்திருக்கும் அவை இது. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது நேர்மையாகாது.

இதே சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்த பிறகு ஜனங்கள் வணங்கி வந்த கோயில்களை இடிக்கவும் சிலைகளை அவர்கள் கையாலேயே உடைக்கவும் சொன்னார். அதையும் அவரே 1545 ஜனவரிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1546 மே மாதம் அம்போனிலிருந்து போர்த்துக்கல் மன்னருக்கு எழுதியபோது, இந்தியாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1560-இல் கோவாவில் அது வந்தது; பல தலைமுறைகளை அச்சத்தில் வைத்தது.

பாறையில் சாகிறவனுக்குத் தோணி அனுப்பிய அதே மனிதர்தான் இதையும் செய்தார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்த நேரத்தைப் போற்றுவோம். அவனுடைய சாமியை அவன் கையாலேயே உடைக்கச் சொன்னதைப் போற்ற முடியாது. பசித்தவனிடம் சோற்றோடு ஒரு நிபந்தனையையும் நீட்டினால், அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். பறந்துபோகும் நேரத்தில் வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. இது எல்லாச் சமயத்துக்கும், எல்லாக் கட்சிக்கும் பொருந்தும்.

மணியை யாரிடம் கொடுப்பது?

கடைசியாக ஒன்று. சவேரியார் எந்த ஊரிலும் நிலையாக இருந்தவர் அல்லர். 1552 டிசம்பர் 3-ஆம் தேதி சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். மறு ஆண்டு மார்ச்சில் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து அதே குன்றுத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். டிசம்பரில் கோவாவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அவர் போன பிறகும் முத்துக்குளித்துறையில் வேலை நிற்கவில்லை. காரணம், ஊருக்கு ஊர் உள்ளூர்க்காரரான கணக்கப்பிள்ளையைப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்துவிட்டுத்தான் நகர்ந்தார். அவர்கள் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 4,000 பணம் ஒதுக்கச் செய்தார். அது அந்தக் கரையிலிருந்து போர்த்துக்கல் அரசியாரின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த பணம்!

அவருக்குப் பின் அந்தக் கரைக்கு வந்த என்றிக்கே என்றீக்கஸ் பாதிரியார், மனப்பாடத்தோடு நிற்காமல் தமிழை முறையாகப் படித்தார், தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578 அக்டோபரில் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. வெறும் பதினாறு பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. நாளைக் காலையில் தமிழ்ப் பத்திரிகையைக் கையில் எடுக்கும்போது அந்தப் பதினாறு பக்கத்தையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தொண்டுக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு மூன்று கேள்விகளை வைத்துவிட்டு விடைபெறுகிறேன். போகும் ஊரின் பேச்சில் பத்துச் சொல்லாவது கற்றுக்கொண்டீர்களா? உங்கள் உதவியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்கிறதா? முகாம் முடிந்து பேருந்து ஏறும் நாளில், மணியை அந்த ஊர்க்காரர் யாருடைய கையில் கொடுத்துவிட்டு வருவீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டு முதலில் அந்த ஆளைத் தேடுங்கள்.